குப்பை இறங்கி ஏறும் இடம்

குப்பை மாற்று நிலையத்தில் குப்பை தங்கக் கூடாது. காலையில் பேட்டரி வண்டிகள் கொண்டுவந்து இறக்குவது, பொழுது சாய்வதற்குள் பெரிய லாரியில் ஏறிப் போய்விட வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தந்த விளக்கமும் ஏறக்குறைய இதுவே: சேகரிக்கும் பகுதிகளிலிருந்து வரும் கழிவை வாங்கி, மூடிய வண்டிகளிலோ கொள்கலன்களிலோ மொத்தமாகப் பதப்படுத்தும் இடத்துக்கு அனுப்பும் வளாகம். அந்த விளக்கத்தில் சேர்த்து வைப்பது பற்றிய பேச்சே இல்லை. நகரம் வளர வளரக் குப்பை போய்ச் சேரும் இடம் தள்ளிப் போகிறது. சில நூறு கிலோ மட்டுமே ஏற்றக்கூடிய பேட்டரி வண்டி இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது சாலையிலேயே கழிந்துவிடும். தெருவில் குப்பை அப்படியே கிடக்கும். அதனால்தான் நடுவில் இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது.

ஊர்க்காரர்கள் இந்த விளக்கத்தை நம்புவதில்லை. நம்பாததற்கு அவர்களிடம் வலுவான காரணம் இருக்கிறது. சென்னைக்குக் கொடுங்கையூரும் பெருங்குடியும், கோவைக்கு வெள்ளலூர், திருச்சிக்கு அரியமங்கலம், நெல்லைக்கு இராமையன்பட்டி என்று நகரத்துக்கு நகரம் ஒரு குப்பைமேடு உண்டு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழுந்தது; எஞ்சிய சதுப்புக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. வெள்ளலூரில் 2024 ஏப்ரலில் பற்றிய தீ பல நாள் அணையாமல் எரிந்தது. இந்தப் பெயர்களைச் செய்தியில் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய், “இது கிடங்கு இல்லை, மாற்று நிலையம்” என்று சொன்னால், “முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்பார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு விண்ணப்பம் தயாரிப்பது என் தொழில். சாயப்பட்டறை, அரிசி ஆலை, கல் குவாரி என்று தொடங்கியவன், இப்போது பெரும்பாலும் உள்ளாட்சிகளின் குப்பை வேலைகளில்தான் இருக்கிறேன். விண்ணப்பம் என்றதும் பலரும் நினைப்பது, கட்டட வேலை ஒரு பக்கம் நடக்கும்போது இன்னொரு பக்கம் ஆள் வைத்து வாங்கிவிட வேண்டிய தாள் என்று. எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காகவும், அங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்காகவும் வாதாடக் கிடைக்கும் ஒரே காலம் அந்தச் சில மாதங்கள்தான். தளக் கான்கிரீட் போட்டுவிட்டால் வாட்டத்தை மாற்ற முடியாது. கொட்டகைக்கு வாசல் வைத்துவிட்டால் காற்றுக்கேற்பத் திருப்பிவைக்க முடியாது.

சட்டத்தின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, 1981-ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆகிய இரண்டின்கீழும் வாரியத்தின் இசைவு வேண்டும். கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணை, கட்டி முடித்து ஓட்டுவதற்கு முன் இயக்குவதற்கான இசைவாணை என்று இரு கட்டம். வளாகத்தில் பிரித்தெடுக்கும் வேலையும் சேர்ந்திருந்தால், 2016 விதிகளின் படிவம் 1-இல் தனியாக அங்கீகாரமும் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அறுபது நாள் கெடு. நகர் ஊரமைப்பு, நெடுஞ்சாலை, ரயில்வே, மின்சாரம், நிலத்தடி நீர், விமான நிலையம் எனத் தொடர்புள்ள துறைகளுக்குக் கருத்துச் சொல்ல நான்கு வாரம். விண்ணப்பங்கள் இணையவழி ஏறுகின்றன. கட்டணம் முதலீட்டைப் பொறுத்தது. நீர்ச் சட்டத்தின்படி நான்கு மாதத்துக்குள் வாரியம் இசைவையோ மறுப்பையோ சொல்லாவிட்டால் இசைவு தந்ததாகவே கொள்ளப்படும். அந்த வரியைக் காட்டி, “சும்மா இருந்தா தானா வந்துரும் சார்” என்று சொன்ன ஒப்பந்ததாரர்களைச் சந்தித்திருக்கிறேன். அப்படித் தானாக வந்த இசைவில் நிபந்தனைகள் இருக்காது. நிபந்தனை இல்லாத இசைவு பக்கத்து வீட்டுக்காரருக்கு எதற்கும் உதவாது.

நான் சொல்லப் போவது தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, ஆனி ஆடியில் காற்று ஓயாத ஊர். பெயர் வேண்டாம்.

நகராட்சிப் பொறியாளர் மூன்று இடங்களைக் காட்டினார். முதல் இடம் ஊருக்கு வடக்கே, நல்ல சாலையோரம். கணினிப் பதிவில் அரசுப் புறம்போக்கு. நான் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டு வாங்கினேன். எந்த இடத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் தாள் அதுதான். நில அளவைக் காலத்தில் அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதை அதில்தான் பார்க்க முடியும். புலப்படத்தில் மெல்லிய இரட்டைக் கோடாக ஓர் ஓடை வடமேற்கிலிருந்து வந்து, அந்தப் புல எண்ணைக் கடந்து, கீழே கண்மாய்க்குப் போயிற்று. தரையில் ஓடை எதுவும் தெரியவில்லை. சீமைக்கருவேலம் மண்டி மேடாகக் கிடந்தது.

“தண்ணி வந்து இருபது வருசமாச்சு சார்” என்றார் கூட வந்த மேற்பார்வையாளர்.

அந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பின்னாளில், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. புலப்படத்தில் மட்டும் இருந்த தூர்ந்த ஓடைகள் பலவும் அப்போது திரும்ப ஓடியதைத் தென்மாவட்டக்காரர்கள் நேரில் பார்த்தார்கள்.

இரண்டாவது இடம் சுடுகாட்டை ஒட்டி. அதற்கு அப்பால் ஆதிதிராவிடர் குடியிருப்பு. இதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது: நான் போன ஊர்களில் குப்பைக்கென்று காட்டப்படும் இடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட குடியிருப்பின் பக்கத்தில்தான் இருக்கிறது. “அங்க ஆட்சேபனை வராது சார்” என்பார்கள். ஆட்சேபனை வராது என்பதை இடத்தின் தகுதியாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏற்கெனவே சுடுகாட்டுப் புகையையும் ஊர்ச் சாக்கடையின் கடைசி மடையையும் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் மேல் மூன்றாவதாக ஒன்றை ஏற்றக் கூடாது என்று தள ஆய்வுக் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதினேன். அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. கடைசியில் அந்த இடம் கைவிடப்பட்டதற்குக் கோப்பில் தூரம்தான் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் இடம் கைவிடப்பட்டது.

தூரம் பற்றியும் ஒரு வார்த்தை. நிலநிரப்பும் இடத்துக்கு 2016 விதிகள் அளவு சொல்லியிருந்தன: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர். மாற்று நிலையத்துக்கு அப்படி அளவு இல்லை. இல்லை என்பதால் ஒட்டிக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அந்த 200 மீட்டரை மாற்று நிலையத்துக்கும் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்கிறேன். குப்பை ஒரு நாள் கிடந்தாலும் நாற்றம் நாற்றம்தான், ஈ ஈதான். விமான நிலையம் உள்ள ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 91-ஆம் விதி, விமான தளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும்படி குப்பை போடுவதைத் தடுக்கிறது. திறந்த தளத்தில் குப்பையை இறக்கினால் பருந்து வட்டமிடும். கூரையும் சுவரும் வேண்டும் என்று வாதாட எனக்கு அந்த விதி பல முறை கைகொடுத்திருக்கிறது.

மூன்றாவது இடம் நகராட்சியின் பழைய உரக்கிடங்கு. ஊர்க் குப்பையை உரமாக்கி விற்ற காலத்தில் வாங்கிய நிலம். பின்னால் உரம் நின்றுபோய்க் குப்பை மட்டும் குவிந்திருந்தது. நிலம் நகராட்சியுடையது, பாதை உண்டு, ஓடை இல்லை. கிழக்கே பருத்திக் காடு, அதைத் தாண்டி ஊராட்சி எல்லைக்குள் ஒரு தெரு. மற்ற மூன்று பக்கமும் வெகுதூரத்துக்கு வீடு இல்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கிழக்குத் தெருவுக்குத்தான் நான் அதிகம் போனேன். இத்தகைய அறிக்கைகளில் காற்றின் திசைக்குப் பக்கத்து வானிலை நிலையத்தின் பல்லாண்டுச் சராசரிப் படத்தை ஒட்டுவார்கள். அது வேண்டும்தான். ஆனால் கணவாய்க்கு நேரே இருக்கும் ஊருக்கும் மலைமறைவில் இருக்கும் ஊருக்கும் காற்று ஒன்றல்ல. செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பாலக்காடு என்று மலை இடைவெளி விட்ட இடமெல்லாம் தென்மேற்குப் பருவத்தில் காற்று பீறிட்டு வரும். காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதனால்தான். தெருவின் கடைசி வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன்.

“ஆனி ஆடியில மேகாத்து தூக்கிட்டுப் போவும் தம்பி. பழைய குப்பையில இருந்து பாலித்தீன் பையெல்லாம் பறந்து வந்து பருத்திச் செடியில தொங்கும். வாசக் கதவத் தொறந்து வச்சிச் சாப்பிட முடியாது. கார்த்திகைக்கு மேல வாடை வந்திருச்சுன்னா இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது.”

“ராத்திரியில எப்படி இருக்கும் பெரியம்மா?”

“ராத்திரி காத்து நின்னுரும். நாத்தம் மட்டும் நிக்கும்.”

இந்த மூன்று விஷயங்களும் வரைபடத்தில் ஏறின. முதலில் நகராட்சி தந்த வரைபடத்தில் கொட்டகை நான்கு பக்கமும் திறந்து, தகரக் கூரை மட்டும் போட்டிருந்தது. செலவு குறையும் என்பதற்காக. மேல்காற்று மேற்கே நுழைந்து, இறக்கிய குப்பையைத் தடவிக்கொண்டு கிழக்கே தெருவுக்குப் போகும் அமைப்பு அது. மேற்கையும் கிழக்கையும் முழுச் சுவராக்கக் கேட்டோம். ஐப்பசி கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், தரையில் குப்பை நனைந்தால் கசிவு பெருகும் என்பதால் வடக்கும் அடைபட்டது. வாசல் தெற்கே மட்டும். வண்டிகள் உயரமான சரிவுப் பாதையில் ஏறி, கீழே நிற்கும் கொள்கலனுக்குள் நேராகக் கொட்ட வேண்டும். குப்பை தரையைத் தொடும் நேரம் குறையக் குறைய நாற்றமும் குறையும். கிழக்குச் சுவருக்கு வெளியே புங்கனும் வேம்பும் மூன்று வரிசை. மரம் வளரும் வரைக்கும் பசுமை வலை. இரவில் கொள்கலன் எதுவும் நிரம்பிய நிலையில் நிற்கக் கூடாது என்பதை நாங்களே விண்ணப்பத்தில் உறுதிமொழியாக எழுதினோம். ராத்திரி காற்று நின்றுவிடும் என்று பெரியம்மா சொன்னதுதான் அதற்குக் காரணம்.

மதிப்பீடு ஏறிவிட்டது என்று பொறியாளர் சங்கடப்பட்டார். அவர் நிலைமை எனக்குப் புரியும். திட்டத் தொகை மேலிருந்து முடிவாகி வந்திருக்கும், கூடுதல் சுவருக்கு அவர்தான் பதில் எழுத வேண்டும். சுவர் இல்லாமல் இசைவாணை வராது என்று வாரியம் எழுத்தில் சொன்னால் அவருக்கும் வசதி. அதனால் சில விஷயங்களை வாரியமே நிபந்தனையாக விதிக்கட்டும் என்று அதிகாரியிடம் நேராகவே கேட்டேன். ஒரு நல்ல பொறியாளருக்கு நிபந்தனை என்பது நிதி கேட்க ஓர் ஆதாரம்.

அடுத்தது தண்ணீர். நம்முடைய குப்பையில் பாதிக்குப் பாதி ஈரம். சாம்பார் மீதி, வாழை இலை, காய்கறிக் கழிவு, தேங்காய்ச் சிரட்டை. அதைக் காம்பாக்டர் அமுக்கும்போது கருப்பாக ஒரு நீர் வடியும். கோப்பில் லீச்சேட் என்று எழுதுவோம், தூய்மைப் பணியாளர்கள் குப்பைத்தண்ணி என்பார்கள். புதிய குப்பையிலிருந்து வடியும் அந்த நீரின் பி.ஓ.டி., அதாவது மாசைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராமையும் தாண்டக்கூடியது. நீர்நிலையில் விடுவதற்கு விதி அனுமதித்த அளவு 30. வேதிமுறையில் அளக்கும் சி.ஓ.டி. 250, கரைந்த திடப்பொருள் 2100. இந்த இடைவெளியைச் சிறிய மாற்று நிலையத்திலேயே சுத்திகரித்து அடைக்கிறேன் என்று சொல்லும் திட்ட அறிக்கைகளை நான் நம்புவதில்லை. ஓட்ட ஆள் இல்லாமல் கொஞ்ச நாளிலேயே துருப்பிடித்து நிற்கும் எந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். கசியாத தொட்டியில் சேர்த்து, டேங்கரில் ஏற்றி, சுத்திகரிப்பு நிலையம் உள்ள இடத்துக்கு அனுப்புவதே முறை. எடுத்துக்கொள்ளும் நிலையத்தின் சம்மதக் கடிதமும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூரைக்கு மேலே விழும் தண்ணீரும் கூரைக்குக் கீழே வடியும் தண்ணீரும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. மழைநீருக்கு ஒரு வாய்க்கால், கசிவுக்கு ஒரு வாய்க்கால், வண்டி கழுவும் மேடைக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடு தனி வழி. மூன்றையும் மூன்று நிறத்தில் வரைந்து, வாட்டத்தின் அளவையும் ஒவ்வொரு முனையிலும் எழுதிக் கொடுத்தேன். வாரியத்தின் உதவிப் பொறியாளர் அந்த ஒரு படத்தின் மேல்தான் நெடுநேரம் குனிந்திருந்தார்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கட்டுவதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அடிநிலை அளவாக வைப்பது வழக்கம். கிழக்கே பருத்திக் காட்டுக் கிணற்றின் முடிவு மோசமாக வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. இரண்டும் தாண்டியிருந்தன. பழைய உரக்கிடங்கில் பல ஆண்டாகக் கிடந்த குவியலின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அந்த முடிவை இணைக்க வேண்டாம், தொலைவில் உள்ள வேறு கிணற்றில் எடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.

நான் மறுத்தேன். அதற்கு இரண்டு காரணம் சொன்னேன். இன்றைக்கு இதை மறைத்தால், நாளைக்கு அந்த விவசாயி கிணற்று நீரைச் சோதித்துக்கொண்டு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது பழி முழுவதும் புதிய நிலையத்தின் மேல் விழும். இது நகராட்சிக்குப் புரிகிற காரணம். இரண்டாவது, அந்த முடிவு கோப்பில் ஏறினால் பழைய குவியலை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்வியை வாரியம் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கிணற்றுக்காரருக்கு வேண்டியது அந்தக் கேள்வி. இணைத்தோம். வாரியம் கேட்டது. குவியலைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றும் வேலைக்குக் காலக்கெடுவோடு ஒரு நிபந்தனை வந்தது. நிலையத்தைவிட அந்த நிபந்தனைதான் அந்தத் தெருவுக்குக் கிடைத்த பெரிய பலன் என்று இன்றும் நினைக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் யாரும் நின்று பார்க்காத ஒரு கட்டம் இருக்கிறது. கழிவுநீர் எவ்வளவு என்பதைத் தொழிற்கழிவுநீர், வீட்டுக்கழிவுநீர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். இரண்டாவதில் பெரும்பாலும் ஏதோ ஒரு சிறிய எண்ணைப் போட்டுவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். நான் அந்தக் கட்டத்தில்தான் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவருகிறேன். எத்தனை பேர் வேலை செய்வார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், வேலை முடிந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள் என்றால் தலைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். கழிவுநீர் இவ்வளவு என்று எழுதினால் அது வரும் கழிப்பறையும் குளியலறையும் வரைபடத்தில் இருக்க வேண்டும். இருந்தால் இயக்குவதற்கான இசைவாணைக்கு முன் அதிகாரி வந்து அவை கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்.

நகராட்சி தந்த முதல் வரைபடத்தில் காவலர் அறைக்குப் பின்னால் ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. குப்பையைப் பிரிப்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். அந்த ஊரில் வேலை செய்த அக்கா ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். “உடுப்பு மாத்த ஒரு ரூம் சார். பூட்டு போடுற மாதிரி. குளிச்சிட்டுப் பஸ் ஏறினா பக்கத்துல உக்காருவாங்க” என்றார். பெண்களுக்குத் தனிக் குளியலறை, உடை மாற்றும் அறை, சாப்பிட ஓர் இடம், பயன்படுத்திய நாப்கின்களையும் கண்ணாடித் துண்டுகளையும் ஊசிகளையும் கையால் தொடாமல் ஒதுக்கத் தனி மேசை என்று வரைபடம் மாறியது. எந்த அதிகாரியும் இதை ஆட்சேபிக்கவில்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் இத்தனை நாளும் விடுபட்டிருந்தது.

மாற்று நிலையம் மட்டும் என்றால் பொது விசாரணை சட்டப்படி கட்டாயமில்லை. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வரும் பெரிய பொதுக் கழிவு வளாகங்களுக்குத்தான் முன் அனுமதி என்ற நீண்ட பாதை உண்டு. ஆனால் அந்தத் தெரு ஊராட்சி எல்லைக்குள் வருவதால், அக்டோபர் 2 கிராம சபைக்குப் போக வேண்டும் என்று பொறியாளரை வற்புறுத்தினேன். “போனா வம்பு சார்” என்றார். வம்புதான் வந்தது. முதல் அரை மணி நேரம் யாரும் எங்களைப் பேச விடவில்லை. அவர்கள் கோபம் அடங்கும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு கேள்விகள் வந்தன. எந்த அலுவலகமும் என்னிடம் கேட்காத கேள்விகள்.

“லாரி ரிப்பேராயிட்டா அன்னைக்குக் குப்பை எங்க கிடக்கும்?”

“பதப்படுத்துற இடத்துல எதிர்ப்பு வந்து கேட்டைப் பூட்டிட்டா?”

“ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்னும் பூசணிக்காயும் வருமே, அதுக்கு உங்க கொட்டகை பத்துமா?”

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் டீக்கடைக்காரர். திட்ட அறிக்கையில் கொள்ளளவு நாள் சராசரியை வைத்துப் போடப்பட்டிருந்தது. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் மறுநாள்களில் தெருவில் குவிவது சராசரிக் கணக்குக்குள் அடங்காது. சராசரிக்குக் கட்டிய நிலையத்தில் அந்த நாளில் மிஞ்சுவது வெளியே குவியும். அப்படிக் குவிந்த முதல் குவியலிலிருந்துதான் ஒரு கிடங்கு பிறக்கிறது. கொள்ளளவைப் பண்டிகை நாளுக்கு மாற்றினோம். ஓர் உபரிக் கொள்கலன் எப்போதும் காலியாக நிற்க வேண்டும், லாரி பழுதானால் எந்த நேரத்துக்குள் மாற்று லாரி, அதுவும் இல்லாவிட்டால் எந்த வார்டு வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஓர் அவசரத் திட்டம் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தோம். அதை எழுதியது நானானாலும் அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தச் சபையில் எழுந்து நின்ற ஒருவர் இருக்கிறார். எதிர்ப்புத் தீர்மானம் போட வந்த சபை, நிபந்தனைகளோடு ஒரு தீர்மானம் போட்டது. அதன் நகலையும் வாரியத்துக்குக் கொடுத்தோம்.

பழைய குவியல் பற்றிய கேள்வியைத் தவிர, வாரியத்திலிருந்து ஒரே ஒரு விளக்கம்தான் கேட்டு வந்தது, சத்தம் பற்றி. ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45. பெரிய லாரிகள் விடியுமுன் போக்குவரத்து இல்லாத நேரத்தில் கிளம்ப விரும்பும். கொள்கலனைத் தூக்கி ஏற்றும் இரும்புச் சத்தம் அந்தத் தெருவை எழுப்பிவிடும். ஆறு மணிக்கு முன் ஏற்றி இறக்குவதில்லை, ஹாரன் கிடையாது என்று ஒப்புக்கொண்டு எழுதினோம்.

நிறுவுவதற்கான இசைவாணை வந்தபோது அதில் இருந்த சிறப்பு நிபந்தனைகளில் பாதிக்கு மேல் நாங்களே விண்ணப்பத்தில் கேட்டுக்கொண்டவை. அவற்றை எளிய தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, வாசலுக்கு வெளியே, தெருவில் போகிறவர் படிக்கும்படி பலகை வைக்கச் சொன்னேன். பலகையின் கீழே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. உள்ளே சுவரில் ஒட்டினால் போதாதா என்று கேட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கட்டி முடிந்ததும் இயக்குவதற்கான இசைவாணைக்கு ஆய்வு. அதற்கு முன்பே ஒரு தண்ணீர் டேங்கரை வரவழைத்துத் தளம் முழுக்க நீர் ஊற்றிப் பார்த்தோம். வடமேற்கு மூலையில் நீர் தேங்கி நின்றது. கொத்தனாரை வைத்து அந்தப் பகுதியைப் பெயர்த்து வாட்டத்தைச் சரிசெய்த பிறகே ஆய்வுக்கு நாள் கேட்டோம். கூரை மேலும் ஊற்றினோம். மழைநீர் வாய்க்காலில் வந்த தண்ணீர் தெளிவாக வந்தது. குளியலறைக் குழாய்களைத் திறந்து பார்த்ததில் ஒன்றில் தண்ணீர் வரவில்லை. அதுவும் அன்றே சரியானது.

நிலையம் இப்போது ஓடுகிறது. குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆடியில் பசுமை வலை கிழிகிறது, மாற்றத் தாமதமாகிறது. பிரித்துக் கொடுக்காத வார்டுகளிலிருந்து கலந்த குப்பை வருவதும் நிற்கவில்லை. பழைய குவியல் பெருமளவு போய்விட்டது. அடியில் இருக்கும் மண் கலந்த பகுதியை எங்கே கொண்டுபோவது என்பதில் பேச்சு நடக்கிறது. கிணறுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பருத்திக் காட்டுக் கிணற்றில் நைட்ரேட் மெல்ல இறங்குகிறது, ஆனால் குடிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கிணற்றுக்காரர் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு தரவேண்டும் என்று இசைவாணைப் புதுப்பிப்பு விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறேன். தெருவில் புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அதையும் சோதிக்கும் பட்டியலில் சேர்க்க ஊராட்சித் தலைவர் கேட்டார். அடுத்த மாதிரி ஐப்பசி மழைக்குப் பின். ஆய்வகத்துக்கு எழுதிவிட்டேன்.